ஊக்கிக்கு நஞ்சு எங்கிருந்து வருகிறது? எண்ணெய்ச் சுத்திகரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் உயர்தர இரசாயனவியல் வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன் வளைகுடா நாடுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் பல வருடம் வேலை. ஊக்கி (இரசாயனத் தாக்கத்தை வேகப்படுத்தும் பொருள்) பற்றிய பாடம் வந்தால் போதும், பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு ஆலையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் அதே கேள்விகள். அதனால் எழுதி வைத்துவிட்டேன். ஒன்றிரண்டு கேள்விகள் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தகப்பன்மார் கேட்டவை. கடைசிக் கேள்வி என் அத்தை கேட்டது.

மசகு எண்ணெயை, அதாவது கச்சா எண்ணெயை, காய்ச்சி வடித்தால் பெற்றோல் வந்துவிடாதா சேர்? ஊக்கி எதற்கு?

வருவது நப்தா. பார்க்கப் பெற்றோல் மாதிரித்தான் இருக்கும், ஆனால் என்ஜினில் தட்டாமல் எரியும் தன்மையைக் காட்டும் ஒக்டேன் எண் அதற்கு மிகக் குறைவு. எரிபொருள் நிலையப் பலகையில் 92, 95 என்று போட்டிருக்கிறதே, அந்த இடத்துக்கு அதைக் கொண்டுவர மூலக்கூறுகளின் வடிவத்தையே மாற்ற வேண்டும். நேர்ச்சங்கிலிகளையும் சாதாரண வளையங்களையும் பென்சீன் போன்ற அரோமற்றிக்கு வளையங்களாக மாற்றுவது பிளாற்றினம் ஊக்கி. அலுமினா மணிகளின் மேல் நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவான பிளாற்றினத்தைத் தூவிய மாதிரி இருக்கும். வெப்பநிலை 500 பாகை செல்சியஸை ஒட்டியது. யூஓபி நிறுவனத்தின் விளாடிமிர் ஹென்செல் உருவாக்கிய இந்த முறை 1949இல் ஆலைக்கு வந்தது. இன்றும் உலகத்துப் பெற்றோலில் கணிசமான பகுதி இதன் வழியாக வருகிறது.

இந்தத் தாக்கத்தில் ஐதரசனும் நிறைய வெளிவரும். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

"தாக்கத்தின் இறுதியில் ஊக்கி மாறாமல் இருக்கும்" என்றுதானே எழுதுகிறோம். பிறகு அது எப்படிப் பழுதாகும்?

பரீட்சையில் அப்படியே எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். ஆனால் அந்த வாக்கியம் ஊக்கிக்கும் தாக்கிகளுக்கும் இடையிலான கதையை மட்டும்தான் சொல்கிறது. அழைக்காமல் வந்த மூன்றாம் ஆளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஊக்கியின் வேலை முழுவதும் மேற்பரப்பில் நடக்கிறது. தாக்கி மூலக்கூறு வந்து உட்காரும், மாறும், எழுந்து போகும். ஹட்டன் பஸ் நிலையத்து வாங்கில் மாதிரி. ஆட்கள் வந்து போகும்வரை வாங்கில் போதும். ஒருவர் வந்து பாயை விரித்துப் படுத்துவிட்டால்? கந்தகம் அப்படிப்பட்டது. அதன் தனிச்சோடி இலத்திரன்கள் பிளாற்றினத்தோடு இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். தாக்கத்துக்கு இடம் இருக்காது. இதைத்தான் ஊக்கி நஞ்சாதல் என்கிறோம்.

எல்லா நஞ்சும் ஒரே மாதிரி இல்லை. கந்தகம் பெரும்பாலும் தற்காலிகமானது: சுத்தமான எண்ணெய் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து போய்விடும். ஆசனிக்கும் ஈயமும் எழுந்து போவதில்லை. நஞ்சு அல்லாத தொல்லைகளும் உண்டு. காபன் படிந்து துளைகளை மூடுவது, துருவும் தூசியும் மேல் அடுக்கில் சேர்ந்து அமுக்கத்தைக் கூட்டுவது எல்லாம் அந்த வகை.

எவ்வளவு நஞ்சு இருந்தால் ஆபத்து? ஒரு கணக்குச் சொல்லுங்கள்.

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன்.

ஒரு ஆலை நாளொன்றுக்கு 1,000 தொன் நப்தாவைப் பிளாற்றினம் ஊக்கிக்கு அனுப்புகிறது என்று வைப்போம். பிளாற்றினத்தோடு ரீனியமும் சேர்ந்த ஊக்கிகளுக்குக் கந்தகம் 0.5 பிபிஎம்முக்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். அதாவது பத்து இலட்சத்தில் அரைப் பங்கு. ஆயிரம் தொன்னில் அது வெறும் அரைக் கிலோ.

இப்போது ஆசனிக்கு. நூறு கோடியில் பத்துப் பங்குதான் இருக்கிறது, பரவாயில்லை என்று விட்டுவிடுகிறோம். நாளுக்கு 10 கிராம். வருடத்துக்கு 3.65 கிலோ. ஊக்கி 20 தொன், அதில் பிளாற்றினம் 0.3 வீதம் என்றால் 60 கிலோ. அணுத்திணிவுகள் 75, 195. மூல்களாக மாற்றுங்கள்: ஆசனிக்கு ஏறத்தாழ 49, பிளாற்றினம் ஏறத்தாழ 308. ஒரே வருடத்தில் ஆறு பிளாற்றினம் அணுவுக்கு ஓர் ஆசனிக்கு அணு வந்து சேர்ந்திருக்கிறது. அதுவும் சமமாகப் பரவுவதில்லை, எண்ணெய் முதலில் தொடும் ஊக்கிதான் முதலில் சாகும்.

ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான பொருள், பல கோடி ரூபாய் ஊக்கியை முடித்துவிடும் என்பது பிள்ளைகளுக்கு நம்பக் கடினம். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம்பவில்லை.

இந்த நஞ்செல்லாம் மசகு எண்ணெய்க்குள் எப்படி வந்தது?

பாதி பிறவியிலேயே வந்தது. மசகு எண்ணெய் என்பது பழைய கடல்களில் வாழ்ந்த நுண்ணுயிர்களும் பாசிகளும் புதைந்து மாறியது. உயிருள்ளவற்றில் கந்தகமும் நைதரசனும் இல்லாமல் இருக்குமா? புதைந்த இடத்துச் சேற்றிலிருந்தும் கந்தகம் சேர்ந்தது.

நிக்கலும் வனேடியமும் வந்த கதை நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுலபமாக விளங்கும். கொழுந்தின் பச்சைக்குக் காரணம் குளோரோபில். நான்கு நைதரசன் கொண்ட ஒரு வளையம், நடுவில் ஒரு மக்னீசியம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை அரைத்து, புளிக்க வைத்து, சூடேற்றும்போது அந்த மக்னீசியம் கழன்றுவிடுகிறது. பச்சை போய்க் கறுப்பு வருவதில் அதற்கும் பங்குண்டு. பூமிக்குள்ளும் முதலில் மக்னீசியம் கழன்றது. பிறகு கோடிக்கணக்கான வருடங்களில் காலியான அந்த நடு இருக்கையில் நிக்கலோ வனேடியமோ வந்து உட்கார்ந்துகொண்டது. ஜெர்மன் இரசாயனவியலாளர் அல்பிரட் ட்ரைப்ஸ் 1934இல் மசகு எண்ணெயில் இந்த வளையங்களைக் கண்டு, இவை குளோரோபில்லின் மிச்சம் என்று காட்டினார். மசகு எண்ணெய் உயிர்களிலிருந்து வந்தது என்பதற்கு அது பெரிய சான்றாகவும் ஆனது.

மீதிப் பாதி நாம் சேர்த்தது. கிணற்றிலிருந்து எண்ணெயோடு ஏறிவரும் உப்புநீர், கப்பலில் கலக்கும் கடல்நீர், குழாய்த்துரு, எண்ணெய் எடுக்கும்போது ஊற்றும் மருந்துகள்.

முதல் தடுப்பு எது?

உப்பு நீக்கி. 120 முதல் 150 பாகை வரை சூடாக்கிய எண்ணெயில் கொஞ்சம் நல்ல தண்ணீரைக் கலக்கிவிட்டு, பல்லாயிரம் வோல்ற்று மின்புலத்தில் வைப்பார்கள். சிறு நீர்த்துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிக் கீழே இறங்கும், உப்பும் அதோடு இறங்கிவிடும். சோடியம் மிஞ்சினால் பின்னால் ஊக்கிக்குக் கேடு. மக்னீசியம் குளோரைட்டும் கல்சியம் குளோரைட்டும் மிஞ்சினால் சூட்டில் நீரோடு தாக்கி ஐதரோகுளோரிக்கமிலம் ஆகி, வடிகோபுரத்தின் தலைப்பக்கத்தை அரிக்கும். பெரிய அறிவியல் ஒன்றும் இல்லை, கழுவுவதுதான். ஆனால் இதைச் சரியாகச் செய்யாத ஆலையில் பின்னால் என்ன செய்தாலும் எடுபடாது.

கந்தகத்தை எப்படி எடுக்கிறார்கள்? வடித்தால் பிரியாதா?

பிரியாது, ஏனென்றால் அது தனியாக இல்லை. ஐதரோகாபன் மூலக்கூறுக்குள்ளேயே கோத்துக் கிடக்கிறது. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி எடுக்க முடியாது. மூலக்கூறை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அதற்கான அலகை ஆலையில் ஹைட்ரோட்ரீட்டர் என்பார்கள். நப்தாவோடு ஐதரசனைச் சேர்த்து, அமுக்கத்தில், 300 பாகைக்கு மேல் சூடாக்கி, கோபாற்றும் மொலிப்தனமும் கொண்ட ஊக்கியின் ஊடாக அனுப்புவார்கள். கந்தகம் ஐதரசன் சல்பைட்டாகவும், நைதரசன் அமோனியாவாகவும், ஒட்சிசன் நீராகவும் கழன்றுவிடும். பிறகு ஒரு கோபுரத்தில் சூடாக்கி அந்த வாயுக்களை ஓட்டிவிட்டால் நப்தா சுத்தம். தேவைப்படும் ஐதரசன்? மேலே நினைவில் வைக்கச் சொன்னேனே, அதுதான். பிளாற்றினம் ஊக்கி உண்டாக்கும் ஐதரசனே, அந்த ஊக்கிக்கு வரப்போகும் எண்ணெயைச் சுத்தமாக்குகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிளாற்றினத்துக்கு நஞ்சான கந்தகம் இல்லாமல் கோபாற்று மொலிப்தனம் ஊக்கி வேலையே செய்யாது. புது ஊக்கியை இறக்கியதும், கந்தகம் நிறைந்த திரவம் ஒன்றைக் கொடுத்து அதைச் சல்பைட்டு ஆக்கிய பிறகுதான் ஓட்டத் தொடங்குவோம். ஒருவருக்குச் சோறு, இன்னொருவருக்கு நஞ்சு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூட்டைக் கூட்டினால் கந்தகம் இன்னும் குறையும் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். ஓர் அளவு வரைதான் அது சரி. அதற்கு மேல் போனால், இரட்டைப்பிணைப்புள்ள மூலக்கூறுகள் கழன்ற ஐதரசன் சல்பைட்டோடு வெளிவாயிலில் மறுபடி சேர்ந்து மேர்கப்டான் என்ற கந்தகச் சேர்மம் ஆகிவிடும். கூட்டக் கூட்டக் கந்தகம் ஏறும். இரவு ஷிப்டில் நானே இந்தத் தவறைச் செய்து விடியும்வரை முழித்திருக்கிறேன்.

எடுத்த கந்தகம் எங்கே போகிறது?

ஐதரசன் சல்பைட்டை அமைன் கரைசலில் உறிஞ்சி எடுத்து, கிளவுஸ் முறையில் மஞ்சள் கந்தகமாக மாற்றுவார்கள். மூன்றில் ஒரு பங்கை எரித்துக் கந்தகவீரொட்சைட்டு ஆக்கி, மீதியோடு தாக்கவிட்டால் கந்தகமும் நீரும் வரும். கார்ல் கிளவுஸின் 1883ஆம் ஆண்டுக் காப்புரிமையில் தொடங்கிய முறை. உலகில் கிடைக்கும் கந்தகத்தில் பெரும்பகுதி இன்று எண்ணெய், எரிவாயு ஆலைகளின் பக்கவிளைவுதான். அதில் அதிகம் சல்பூரிக்கமிலமாகிப் பசளைக்குப் போகிறது. தோட்டத்து ஸ்டோரில் அமோனியம் சல்பேற்று மூட்டை பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள கந்தகம் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய ஊக்கியைக் கெடுக்க வந்ததாக இருக்கலாம்.

"கார்ட் பெட்" என்கிறீர்களே, அது என்ன?

தமிழில் காவல் அடுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். லயத்துப் பீலியில் துணி கட்டித் தண்ணீர் பிடித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. துணி அழுக்காகும், கழற்றி எறிவோம், குடம் சுத்தமாக இருக்கும். விலை குறைந்த ஒன்று, விலை கூடியதற்காகத் தன்னைக் கெடுத்துக்கொள்கிறது.

வித்தியாசம் என்னவென்றால், பீலித் துணி சருகையும் மண்ணையும் தடுக்கும். காவல் அடுக்கு கரைந்திருப்பதைப் பிடிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு நஞ்சுக்கும் அதற்கேற்ற பொருள். ஐதரசன் சல்பைட்டுக்கு நாகவொட்சைட்டு (துத்தநாக ஒட்சைட்டு): சூட்டில் அது நாகசல்பைட்டாக மாறிக் கந்தகத்தைக் கட்டிப்போடும். ஐதரசன் தயாரிக்கும் அலகின் நிக்கல் ஊக்கிக்கு முன்னால் இதை வைப்பார்கள். ஐதரசன் குளோரைட்டுக்குச் சோடியம் ஏற்றிய அலுமினா. இரசத்துக்கு, அதாவது பாதரசத்துக்கு, கந்தகம் ஊறிய கரி அல்லது உலோகச் சல்பைட்டு. ஆசனிக்குக்கு நிக்கல் கூடிய ஒரு தனி அடுக்கு. ஈரத்துக்கு மூலக்கூற்றுச் சல்லடை. பாரமான எண்ணெயிலுள்ள நிக்கலுக்கும் வனேடியத்துக்கும், பெரிய துளைகள் உள்ள மலிவு ஊக்கியை முன்னால் நிரப்பி, உலோகம் அதில் இறங்க விடுவார்கள்.

எப்போது மாற்றுவது என்பதுதான் சிக்கல். சீக்கிரம் மாற்றினால் காசு வீண். பிந்தினால் நஞ்சு தாண்டிவிடும். அதனால் நல்ல ஆலைகளில் இரண்டு கலன்களைத் தொடராக வைப்பார்கள். முதலாவதின் வெளிவாயிலில் நஞ்சு தெரிந்தால் அதைக் கழற்றிப் புதிது நிரப்பி, இரண்டாவதாகப் போடுவார்கள். பழைய இரண்டாவது முதலாவதாகிவிடும்.

இரசம் அவ்வளவு பொல்லாததா?

ஊக்கியை விட அலுமினியச் சாமானுக்குத்தான் பயம் கூட. 1973இல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டா திரவ எரிவாயு ஆலையில் அலுமினியம் வெப்பமாற்றி உடைந்ததற்கு இரசமே காரணம் எனக் கண்டார்கள். அதன் பிறகுதான் இரச நீக்கி பரவலாக வந்தது.

நீங்கள் வேலை செய்த இடத்தில் ஊக்கி கெட்டதுண்டா?

உண்டு. ஆலையின் பெயர் வேண்டாம். ஹைட்ரோட்ரீட்டர் ஊக்கி மூன்று வருடம் ஓட வேண்டியது, ஒரு வருடத்துக்குள் தளரத் தொடங்கியது. கந்தகத்தைப் பார்த்தோம், சரியாக இருந்தது. அமுக்கம் சரி. காபன் படிந்திருக்கும் என்று எரித்துப் பார்த்தோம், திருந்தவில்லை. கடைசியில் மேல் அடுக்கிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பியபோது, அதில் சிலிக்கன் நிறைய இருந்தது.

எங்கிருந்து? அந்தக் காலத்தில் நப்தா போதாமல் வெளியிலிருந்து வாங்கிக் கலந்தார்கள். அது கோக்கர் அலகில், அதாவது பாரமான எண்ணெயைச் சூட்டில் உடைக்கும் அலகில், இருந்து வந்த நப்தா. கோக்கர் கலனில் எண்ணெய் நுரைத்துப் பொங்கும். சோறு பொங்கினால் நாம் கொஞ்சம் எண்ணெய் விடுவோமே, அங்கே சிலிக்கோன் திரவம் விடுவார்கள். அது சூட்டில் சிறு துண்டுகளாக உடைந்து, சரியாக நப்தாவோடு வடிந்து வந்துவிடும். ஊக்கியின் அலுமினாவில் மணல் பூசிய மாதிரி ஒட்டிக்கொள்ளும். எரித்தாலும் போகாது.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நுரையை அடக்கியவனுக்கு அவன் வேலை முடிந்தது; நஞ்சு இரண்டு அலகு தாண்டி எங்கள் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு வாங்கும் ஒவ்வொரு லொட்டுக்கும் சிலிக்கனைப் பரிசோதித்தோம்.

நைதரசன் காற்றில் இருப்பதுதானே, அதுவுமா நஞ்சு?

காற்றிலுள்ள நைதரசன் பேசாமல் இருக்கும். எண்ணெயில் வளையத்துக்குள் இருக்கும் நைதரசன் வேறு. அதைக் கழற்றுவது கந்தகத்தைக் கழற்றுவதைவிடக் கடினம், ஏனென்றால் முதலில் வளையம் முழுவதையும் ஐதரசன் ஏற்றி நிரம்பலாக்க வேண்டும். தப்பிப்போனால் பிளாற்றினம் அலகில் அமோனியாவாகும். அந்த ஊக்கிக்கு உயிரே அதிலுள்ள குளோரைட்டு. அமோனியா அதைப் பிடித்துக்கொண்டு அமோனியம் குளோரைட்டாகக் குளிர்ந்த இடத்தில் வெள்ளை உப்பாகப் படியும். ஊக்கியும் பலம் இழக்கும், அமுக்கியின் வால்வும் அடைபடும்.

பாடத்தில் வனேடியம் ஊக்கி என்று இருக்கிறது. நீங்கள் நஞ்சு என்கிறீர்கள்.

இரண்டும் சரி. தொடுகை முறையில் சல்பூரிக்கமிலம் செய்ய வனேடியம் ஐயொட்சைட்டு ஊக்கி. முன்பு அந்த இடத்தில் பிளாற்றினம்தான் இருந்தது. மூலப்பொருளில் வந்த ஆசனிக்கு அதைக் கெடுத்ததும் வனேடியத்துக்கு மாறியதற்கு ஒரு காரணம். ஆனால் பாரமான எண்ணெயைப் பிளக்கும் அலகில் ஊக்கி சியோலைற்று என்ற நுண்துளைக் கனிமம். மீளாக்கும் கலனில் 700 பாகையை ஒட்டிய சூட்டில், நீராவியோடு சேர்ந்து வனேடியம் அமிலமாகி சியோலைற்றின் கூட்டையே இடித்துவிடும். போதாததற்கு ஒரு மணியிலிருந்து இன்னொரு மணிக்கு நகரவும் செய்யும். நிக்கல் கூட்டை இடிக்காது, தேவையற்ற ஐதரசனையும் காபனையும் உண்டாக்கும். அதை அடக்க அந்திமனிச் சேர்மத்தைச் சேர்ப்பது 1970களில் வந்த வழக்கம்.

சப்புகஸ்கந்தையிலும் இதெல்லாம் இருக்கிறதா?

1969இல் தொடங்கிய இலங்கையின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் அது. ஈரானிய இலேசான மசகு எண்ணெயை மனதில் வைத்துக் கட்டியது. இப்போதைய கொள்ளளவு நாளுக்கு 50,000 பீப்பாய். நப்தாவைச் சுத்தமாக்கும் அலகும் அதன் பின்னால் பிளாற்றினம் அலகும் உண்டு. சியோலைற்றுப் பிளப்பு அலகு இல்லை, ஆகவே வனேடியம் கதை அங்கே பொருந்தாது. 2022 நெருக்கடியில் சைபீரிய எண்ணெயை இறக்கி ஓட்டியது நினைவிருக்கும். நாம் மண்ணெண்ணெய்க்குக் கானோடு வரிசையில் நின்ற காலம். மசகு எண்ணெய் மாறினால் அதிலுள்ள நஞ்சுகளின் அளவும் மாறும் என்பதால், இப்படி மாற்றும்போதெல்லாம் எந்த ஆலையிலும் ஆய்வுகூடத்துக்கு வேலை கூடும்.

பழுதான ஊக்கியை என்ன செய்வார்கள்?

காபன் என்றால் ஒட்சிசன் குறைந்த வாயுவில் மெதுவாக எரித்து, குளோரைட்டை மறுபடி ஏற்றித் திருத்தலாம். ஆசனிக்கு, ஈயம், சிலிக்கன் என்றால் எடுக்க வேண்டியதுதான். பிளாற்றினத்தைப் பிரித்து மீட்க அனுப்புவார்கள்.

இறக்கும் வேலை ஆபத்தானது. பாவித்த ஊக்கியில் இருக்கும் இரும்புச் சல்பைட்டு காற்றுப் பட்டால் தானாகத் தீப்பிடிக்கும். அதனால் கலனை நைதரசனால் நிரப்பி வைப்பார்கள். மூச்சுக் கருவி இல்லாமல் அதற்குள் தலையை விட்டவர் ஓரிரு மூச்சில் விழுந்துவிடுவார். வெளிநாட்டுக்கு இந்த வேலைக்குப் போகும் நம்ம பையன்களுக்கு முக்கியமாகச் சொல்கிறேன்: தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவார். கருவி இல்லாமல் இறங்காதீர்கள்.

என் வேனின் புகைக்குழாயிலும் ஊக்கி இருக்கிறதாமே?

பெற்றோல் வாகனம் என்றால் இருக்கும். பிளாற்றினம், பலேடியம், ரோடியம். ஈயம் கலந்த பெற்றோல் இருந்த காலத்தில் அது பிழைக்காது. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நின்றது. இப்போதுள்ள எதிரி என்ஜின் எண்ணெய். தேய்மானத்தைத் தடுக்க அதில் பொசுபரசும் நாகமும் சேர்த்திருப்பார்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் நீலப் புகை விட்டுக்கொண்டு ஏறும் வாகனம் எண்ணெயை எரிக்கிறது, அந்தப் பொசுபரசு போய்ப் படிவது ஊக்கியின் மேல். ஊக்கியை மாற்றுமுன் என்ஜினின் பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள்.

"காஸில் கந்தகத்தை எல்லாம் எடுத்துவிடுகிறார்கள் என்கிறாய், பிறகு ஏன் சிலிண்டர் நாறுகிறது?"

அத்தை கேட்டது. நல்ல கேள்வி. சமையல் எரிவாயுவுக்குச் சொந்த மணம் கிடையாது. ஆலையில் அதிலுள்ள மேர்கப்டானைக் காரக் கரைசலால் கழுவி எடுத்துவிடுகிறார்கள். எடுத்த பிறகு, எதை எடுத்தார்களோ அதே குடும்பத்தைச் சேர்ந்த எதைல் மேர்கப்டானை அளந்து திரும்பச் சேர்க்கிறார்கள், கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று. அடுப்புக்கு ஊக்கி கிடையாது, அதனால் கெட ஒன்றும் இல்லை. மணம் வந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவையும் யன்னலையும் திறந்துவிடுங்கள் அத்தை.